தொப்பியை விட்ட கை

சிறுவயதில் ஒரு படத்தில் சேர்ந்து நடித்த நாங்கள் பத்துப் பேர். அக்காவையும் என்னையும் கழித்தால் நீங்கள் எட்டுப் பேர். ஒருத்தி டோகாவில் இருக்கிறாள். இரண்டு பேர் லண்டனில். ஒருவன் காத்தான்குடிப் புடைவைக் கடைகளுக்கு லொறி ஓட்டுகிறான். மற்ற நால்வரும் ஊரைவிட்டு அசையவில்லை. எல்லாருக்கும் முப்பது தாண்டிவிட்டது. எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. நீங்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு மரணச் செய்தி வந்தது. பிரான்ஸ் நாட்டின் நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான ஒருவர் தன் வீட்டில் காலமானார். தந்தை முடிதிருத்துபவர். பதினாறு வயதில் சர்க்கஸில் சேர்ந்து விழப் பழகியவர். பிறகு பேச்சில்லா நாடகம், பிறகு சினிமாவில் சின்ன வேடங்கள்: தட்டோடு விழும் உணவகப் பணியாள், ஏணியோடு விழும் தபால்காரர். தானே இயக்கிய முதல் படத்தில் ஒரு கல்யாண விருந்து மேசையை, அமர்ந்திருந்த நடிகர்களுக்குச் சொல்லாமலேயே சரித்துவிட்டார். அந்தக் காட்சியால்தான் பெயர் பெற்றார். ஆயத்தமில்லாத முகத்தில்தான் சிரிப்பு இருக்கிறது என்பது அவருடைய கொள்கையாம். அவருடைய எல்லாப் படங்களிலும் விபத்துக்கு முன்னால் ஒரு ஓலைத் தொப்பி விழும். அதை விமர்சகர்கள் அவரது கையெழுத்து என்று எழுதினார்களாம்.

நடுவில் இரண்டு படங்கள் தோற்றன. பல வருடங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனத்துடன் இலங்கைக்குப் போனார். அங்கே எடுத்த நாற்பது நிமிடப் படம் பரிசு பெற்று, அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது. செய்தியின் கடைசிக்கு முந்திய வரி: 'மட்டக்களப்பின் குழந்தைகளுக்கு அவர் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தார்.'

அந்த வரியை வெட்டினேன். செய்தி ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் ஐசே, நம்மட மட்டக்களப்புப் பேர் வாற ஒரே வரி அதுதான். அதைப் போய் வெட்டுறீர்?"

"தகவல் பிழை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தக் குழந்தைகளில நானும் ஒராள்."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். நான் வேலையை முடித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன்.  துக்கம் வரவில்லை; கோபம்தான்.

*

அவர் வந்தது மாசி மாதம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த எங்கள் ஊரில் கோயிலும் பள்ளிக்கூடமும் மட்டுமே நின்றன. பள்ளி மைதானத்தில் வெள்ளைக் கூடாரங்கள். உள்ளே பகலில் பிளாஸ்டிக் சூடேறும் மணம். வெளியே பருப்புக் கறியும் குளோரின் தண்ணீரும். அப்பா சுனாமிக்கு முன்பே இல்லை. சித்தப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்காததால் வேட்டி ஒன்றை வைத்துத்தான் முப்பத்தோராம் நாள் கடமையைச் செய்திருந்தோம். சின்னம்மா வயிற்றில் பிள்ளையோடு எங்கள் கூடாரத்தில் இருந்தா. சித்தப்பாவில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று எல்லாரும் அவவுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரர் வாகனத்தில் இருந்து இறங்கினார். நெட்டையான, வழுக்கை விழுந்த, அறுபது வயது மனிதர். நாலடி நடந்தார். கூடாரக் கயிற்றில் கால் தடக்கி, கையிலிருந்த வாளித் தண்ணீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு முகங்குப்புற விழுந்தார்.

"அய்யோ, தொரை விழுந்திட்டார்!" என்று கோயில் வண்ணக்கர் ஓடினார். ஊர்க் கோயில் நிர்வாகி என்பதால் முகாம் குழுவின் தலைவரும் அவர்தான். நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் குடித்தார், தலை குனிந்து நன்றி சொன்னார், திரும்பினார், அடுத்த கயிற்றில் தடக்கி மறுபடியும் விழுந்தார்.

அக்கா சிரித்தாள். கடல் வந்த மார்கழி இருபத்தாறுக்குப் பிறகு அந்த முகாமில் யாரும் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை.

"விழுந்த மனுசனைப் பாத்துச் சிரிக்கிறாள் பார்! வாயை மூடுகா!" என்று ஒரு மாமி அதட்டினா. அக்காவால் மூட முடியவில்லை. பிறகு நாங்களும் சிரித்தோம்.

இதை மறைக்கமாட்டேன். அவர் பெரிய கலைஞர். என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். திறமையில்லாத ஒருவரை நாங்கள் அவ்வளவு நம்பியிருக்கமாட்டோம்.

*

பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தார். கிழமையில் நான்கு நாட்கள், பள்ளிக்கூடத்துப் பின் மணலில், விழப் பழக்கினார். டவுனிலிருந்து வரும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக்கார மாஸ்டர் ஒருவர் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வார். "நெல்லு மூடை விழுறமாதிரி விழணுமாம். கையை ஊண்டக் கூடாதாம். ஊண்டினா மணிக்கட்டு போயிருமாம்." நாங்கள் விழுந்தோம். முழங்காலில் மணல் ஒட்டியது. பல்லில் மணல் கடிபட்டது. உங்களில் ஒருவன், இப்போது லொறி ஓட்டுபவன், விழும்போதெல்லாம் "அம்மா!" என்று கத்தினான். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவருக்குப் பெயர் வைத்தது அக்கா. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் எங்கள் பக்கம் எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. "நாம எழுவான்கரை. இவர் விழுவான்." அன்றிலிருந்து முகாம் முழுக்க அவர் 'விழுவான் தொரை'. அதன் விளக்கத்தை மாஸ்டர் சொன்னதும், அவர் அந்த இடத்திலேயே விழுந்து காட்டினார்.

அவருடைய ஓலைத் தொப்பி நினைவிருக்கிறதா? விளிம்பில் ஒரு பக்கம் எலி கடித்தமாதிரி இருக்கும். ஒவ்வொரு பயிற்சிக்கும் அதுதான் அடையாளம். தொப்பி கையிலிருந்து விழுந்தால் தொடங்க வேண்டும்.

பங்குனியில் படத்தின் கதையைச் சொன்னார். கடற்கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஒரு பிள்ளை கத்துகிறது. எல்லாரும் ஓடி, வள்ளங்களில் தடக்கி, வலைகளில் சிக்கி விழுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் கரையில் சின்ன அலை, கால் நனையும் அளவுக்கு. எல்லாரும் சிரிக்கிறார்கள். பயத்தைச் சிரித்துத் துரத்துவது. மாஸ்டர் இதைச் சொல்லும்போது வெள்ளைக்காரரின் கண் கலங்கியிருந்தது. நல்ல கதைதான்.

கத்துவதற்கு அக்காவைத் தெரிந்தெடுத்தார். குரல் அவளுடையது. கத்த வேண்டியது இரண்டே சொல்: "கடல் வருது!"

அந்தச் சொற்கள் முகாமில் எப்படியிருந்தன என்று உங்களுக்குத் தெரியும். வாளி உருண்டால்கூடச் சனம் எழுந்து நின்ற காலம். அதனால் வண்ணக்கர் ஒரு நிபந்தனை போட்டார்: படம் எடுக்கும் நாளில் கோயில் ஒலிபெருக்கியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வெள்ளைக்காரர் தலையாட்டினார். புதுவருசம் கழிந்து இரண்டாவது கிழமை என்று நாளும் குறித்தார்கள்.

*

குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்பு, மாஸ்டர் வராத ஒரு நாளில், அவர் எங்களைக் கடற்கரைக்கு வரச்சொல்லிக் கைகாட்டினார். மாலை நான்கு மணி இருக்கும். ஒரு கமரா எங்களைப் பார்த்து நின்றது. இன்னொரு கமராவை அவருடைய உதவியாளர் பள்ளிக்கூடத்துப் பக்கம், வாவிப் பாலத்தைப் பார்த்து வைத்திருந்தார். அது எதற்கு என்று நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது எனக்குத் தெரியும். கல்யாண மேசையில் இருந்தவர்களுக்கும் அவர் சொல்லவில்லை.

தொப்பி விழுந்தது. அக்கா கத்தினாள்.

நாங்கள் ஓடினோம், பழகியபடி விழுந்தோம். அப்போது முகாமிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. பானை விழும் சத்தம், பெண்களின் சத்தம், பிறகு மைதானம் முழுவதும் பாலத்தை நோக்கி ஓடும் சத்தம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருப்பவர்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான். பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போவது. அது மூன்று பேர் அருகருகே நடக்கக்கூடிய மரப்பாலம். முந்நூறு பேர் ஓடினார்கள்.

சின்னம்மா பாலத்து வாசலில் விழுந்தா. அவவுக்கு நெல்லு மூடைபோல விழ யாரும் பழக்கியிருக்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதப் பிள்ளை. ஆண். காப்பாற்ற முடியவில்லை.

*

மூன்றாம் நாள் காலை அம்மன் கோயில் வாசலில் விசாரணை. உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. மறந்தேன் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

மாஸ்டரை முதலில் கேட்டார்கள். நேர்மையான மனிதர். தெரிந்ததைச் சொன்னார். "ஷூட்டிங் வாற கிழமைதான். அண்டைக்கு ஒண்டும் இல்லை, வர வேணாம் எண்டுதான் எனக்குச் சொன்னவர்." ஒரு சொல் பொய் இல்லை. அந்த உண்மை அக்காவை முடித்துவிட்டது.

வெள்ளைக்காரர் பேசினார். மாஸ்டர் தமிழில் சொன்னார்: "தான் கமராவைச் சரிபார்க்கத்தான் வந்தவராம். புள்ளைகள் விளையாட்டாக் கத்திட்டுதாம். சின்னப்புள்ள, மன்னிச்சு விடட்டாம்." பிறகு வெள்ளைக்காரர் வேலிக்கு வெளியே நின்ற அக்காவிடம் போய் அவளுடைய தலையைத் தடவினார். செய்தவர் அவர், மன்னித்தவரும் அவரே. அன்று ஊர் அவருக்கு மாலை போட்டது. ஏன் போடாது? எங்கள் ஊருக்கென்று பதினைந்து வள்ளங்கள் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருந்தன.

"அவர்தான் தொப்பியைப் போட்டவர்!" என்று அக்கா கத்தினாள்.

"அப்பிடியெண்டா உள்ள வா புள்ள," என்றார் வண்ணக்கர். "கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. அம்மனுக்கு முன்னால சொன்னா நாங்க நம்புறம்."

அக்கா வேலிக்கு வெளியே நாவல் மரத்தடியில் நின்றாள். அசையவில்லை.

"வாவன்கா. உண்மையெண்டா என்ன பயம்?"

"வரமாட்டன்."

"ஏன்?"

"வரமாட்டன்."

"பாத்தீங்களா?" என்றா ஒரு மாமி. "அம்மனைக் கண்டா பொய்க்குக் கால் வராது."

அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றா. 

பிறகு வண்ணக்கர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒம்பது பேரும் அங்கதானே நிண்ட? யார் கண்ட? வந்து அணைச்சுச் சொல்லுங்க." தட்டில் கற்பூரம் எரிந்தது. உண்மையைச் சத்தியம் பண்ணினாலும் அம்மன் ஒரு உயிரைக் காவு கேட்பாள் என்று பயம். அதோடு, அடுத்த கிழமை நிறுவனத்திலிருந்து எங்களுக்குச் சைக்கிள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பயம் பாதி, சைக்கிள் பாதி. பத்து வயதில் அந்தக் கணக்கை நான் செய்தேன். நீங்களும் செய்தீர்கள்.

"தெரியாது," என்றோம். முதலில் சொன்னது நான்.

*

சைக்கிள் வந்தது. நீல நிறம், முன்னால் வயர்க் கூடை, சீற்றில் பிளாஸ்டிக் உறை. உறையைக் கிழிக்காமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். ஒன்பது சைக்கிள். அக்காவுக்கு இல்லை.

சின்னம்மா கூடாரம் மாறினா. பிறகு வீட்டுத்திட்டம் வந்தபோது மூன்று வீடு தள்ளி அவவுக்கு வீடு கிடைத்தது. ஒரே ஒழுங்கை, ஒரே குழாய்க் கிணறு. அம்மாவோடு பேசமாட்டா. அக்கா தண்ணீருக்கு வந்தால் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிவிடுவா. பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு 'கடல்வாய்' என்று பெயர் வைத்தது யார் என்று உங்களில் ஒருவருக்குத் தெரியும்.

அடுத்த வருடம், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சண்டைக்கு ஆள் பிடித்த, துவக்கு வைத்திருந்தவர்கள் அவளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் சைக்கிளில் முன்னால் போய்விட்டேன். அவளை ஏற்றினால் என்னையும் 'கடல்வாய்' என்பார்கள்.

சண்டை முடிந்த வைகாசியில் டவுனில் வெடி கொளுத்தினார்கள், வீதியில் நிற்கச் சொல்லிப் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா அதே கிழமை வவுனியாவுக்கு வெளிக்கிட்டா. அங்கே அகதி முகாமின் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயரைக் கத்தினா. யாரோ வன்னியில் கண்டதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். பிறகு படிவங்கள், விசாரணைகள், மீண்டும் படிவங்கள். எல்லா மேசையிலும் ஒரே கேள்வி: "மகளின்ட படம் இரிக்காம்மா?" இல்லை. இருந்த அல்பத்தைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவளைப் படம் எடுத்த ஒரே மனிதர் அந்த வெள்ளைக்காரர்தான்.

அந்தப் பயணங்களில் ஒன்றில், பஸ்ஸில், அம்மா என்னிடம் சொன்னா. விசாரணை நாளுக்கு முதல் நாள் அக்கா பெரியபிள்ளையாகியிருந்தாள். தீட்டு, துடக்கோடு கோயில் வேலிப் படலையைத் தாண்டமாட்டாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அதைச் சொல்லவும் மாட்டாள்.

"நீங்க சொல்லியிருக்கலாமே, அம்மா."

"எப்பிடிச் சொல்ற? பெரியபிள்ளையாகிட்டாள் எண்டு தெரிஞ்சா துவக்குக்காரனுகள் வந்து சண்டைக்கு ஆளைக் கேப்பானுகள். சின்னப்புள்ள எண்டு இரிக்கட்டும் எண்டு மறைச்சன். பொய்க்காரி எண்டு சொன்னாப் பரவாயில்ல, புள்ள மிஞ்சட்டும் எண்டு நினைச்சன்."

பிள்ளை மிஞ்சவில்லை. பொய்க்காரி என்ற பெயர் மிஞ்சியது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அம்மன் பெயரில் பொய் சொல்லத் துணிந்தவள் அம்மன் வாசலில் துடக்கை ஏன் பார்க்கிறாள்? அங்கே நின்ற அத்தனை பெரியவர்களில் ஒரு பெண்ணுக்குக்கூட அது விளங்கவில்லையா? விளங்கியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வள்ளங்கள் பதினைந்து.

*

மரணச் செய்தியோடு இன்னொன்றும் வந்தது. அவர் நினைவாக அந்தப் படத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்து பார்த்தேன். இருபத்துமூன்றாவது நிமிடத்தில் அக்கா வருகிறாள். பச்சைப் பூப்போட்ட நிவாரணச் சட்டை, தோள் பெரிதாகித் தொங்குகிறது. கடலைப் பார்க்கவில்லை. இடப்பக்கம், மேலே, யாரையோ பார்த்து நிற்கிறாள். படச்சட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு கை. அதில் எலி கடித்தமாதிரி விளிம்புள்ள ஓலைத் தொப்பி. விரல் விரிகிறது. தொப்பி விழுகிறது. அவள் கத்துகிறாள்.

அவர் அதை வெட்டவில்லை. வெட்டமாட்டார். அது அவருடைய கையெழுத்து. உலகமெங்கும் மண்டபங்களில் சனம் அதைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சாட்சியம் இத்தனை வருடங்களாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். முதலில் சின்னம்மா வீட்டுக்கு.

"என்ன மனே, பெட்டியும் கையுமா? பேப்பருக்கு ஏதும் கேக்க வந்தயா?"

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். தொப்பி விழும் இடத்தில் நிறுத்தினேன்.

"திருப்பிப் போடு," என்றா. போட்டேன். "இன்னொருக்கா." போட்டேன். "அவள் அவரைத்தானே பாத்துக்கு நிக்காள்."

"ஓம், சின்னம்மா."

மூடப் போனேன். கையைப் பிடித்தா. "மிச்சத்தையும் விடு."

மிச்சத்தில் பாலம் இருந்தது. சனம் ஓடுகிறது. பின்னால் துள்ளலான இசை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவருகிறா. விழுகிறா. இரண்டு வினாடி. இசை நிற்கவில்லை.

"அது நான்," என்றா சின்னம்மா. பிறகு கேட்டா: "ஏன் மனே பாட்டுப் போட்டிரிக்கான்?"

மடிக்கணினியை மூடினேன். அவ எழுந்து, கதவைச் சாத்தாமல், ஒழுங்கையில் நடந்து அம்மா வீட்டுக்குப் போனா. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலியோடு நின்றுவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் என்னோடு செங்கலடி ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். புதிய படிவம் ஒன்றுக்கு அம்மாவுக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் திரையில் அக்காவின் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "பாஸ்போட் சைஸ் எண்டா இந்தக் கையை வெட்டணும், அம்மா."

"படிவத்துக்கு வெட்டு," என்றா சின்னம்மா. "மறுகா ஒண்டு வெட்டாம, பெருசா அடி. கையும் தொப்பியும் தெரியணும். அது கோயிலுக்கு."

வண்ணக்கருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவின் முதல் நாள் காலை, சனம் முழுக்க நிற்கும்போது, அதே தட்டில் கற்பூரம் ஏற்றுவதாகச் சொன்னார்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஊரில் இருப்பவர்கள் நடந்து வாருங்கள். லொறியில் இருப்பவன் லொறியில் வா. டோகாவில், லண்டனில் இருப்பவர்கள் பறந்து வரமுடியாவிட்டால் போனில் முகம் காட்டிச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதைக் கேட்பதற்கு அவள் அங்கே இல்லை. கண்டதைச் சொன்னால் போதும். கமரா ஒரு கண்ணால் பார்த்தது. நாங்கள் பதினெட்டுக் கண்ணால் பார்த்தோம்.

முதலில் "தெரியாது" என்றது நான். முதல் கற்பூரத்தையும் நானே அணைக்கிறேன்.